ஐஸ் எங்கே கட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

திருகோணமலை, திருக்கடலூர்ப் பக்கம் மீன் வாடி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, பத்துக்குப் பன்னிரண்டு அடி குளிர் அறை, உயரம் எட்டடி. −18இல் வைத்திருக்கிறோம். நாலைந்து நாளைக்கு ஒருமுறை கூலர் ஐஸ் கட்டி அடைத்துவிடுகிறது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஐஸ். ஃபேன் கரகரவென்று உரசுகிறது, அறை −8க்கு ஏறிவிடுகிறது. மெக்கானிக் இரண்டு முறை கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். மாரி தொடங்கினால் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?"

குளிரூட்டுகிற கேஸை விடுங்கள் தம்பி. பிழை அதில் இல்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய "அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி" என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குளிர் அறையில் கட்டுவது இரண்டு வகை ஐஸ். ஒன்று வெள்ளையாக, அரித்த அரிசிமாவைத் தூவிவிட்டது போலப் படியும். விரலால் தடவினால் கையோடு வந்துவிடும். அது காற்றில் இருந்த ஈரம் தண்ணீராக மாறாமல் நேரே ஐஸாகப் படிந்தது. மற்றது கற்கண்டு மாதிரி: கெட்டி, பளபளப்பு, சுத்தியலால் தட்டினாலும் அசையாது. அது ஒரு நேரத்தில் தண்ணீராக ஓடி, அப்புறம் உறைந்தது. இப்போது யோசியுங்கள். −18இல் இருக்கிற அறைக்குள் ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரே இடம்தான். டிஃப்ரொஸ்ட் நேரத்தில், அதாவது கூலரில் படிந்த பனியைக் கரைக்க ஹீட்டர் ஓடுகிற நேரத்தில், உருகிவிட்ட தண்ணீர். அது கூலருக்குக் கீழே இருக்கிற தட்டில் விழுந்து, வடிகுழாய் வழியாக வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. தட்டிலேயே நின்று உறைந்தது. அடுத்த டிஃப்ரொஸ்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் அதன்மேல் விழுந்து உறைந்தது. இப்படிப் படிப்படியாக ஏறி, கொயிலின் (கூலருக்குள் கேஸ் ஓடுகிற குழாய்களும் தகடுகளும்) கீழ் வரிசையைப் பிடித்து, கடைசியில் ஃபேன் இறக்கையைத் தொடுகிறது. நீங்கள் கேட்கிற கரகர சத்தம் அதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இறால் அறைக்கு மூன்று தரம் கேஸ் ஏற்றினேன். ஒவ்வொரு தரமும் வேலை செய்தது. ஏன் செய்தது? கேஸ் ஏற்றுவதற்கு முன் ஐஸ் முழுவதையும் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன் அல்லவா, அதனால்தான். ஐந்து நாள் கழித்து முதலாளி மறுபடி கூப்பிடுவார். மூன்றாம் தரம் ஒரு வயதான மேசன், அறைக்கு வெளியே வாளியைக் காட்டி, "இது ஒரு கிழமையாகக் காய்ந்து கிடக்குது தம்பி" என்றார். குளிர் அறையின் வடிகுழாய்க்குக் கீழே இருக்கிற வாளி காய்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. இன்றைக்கும் எந்த அறைக்குப் போனாலும் கேஸ் அழுத்தம் பார்க்கிற கேஜ் எடுப்பதற்கு முன் வெளியே போய் அந்தக் குழாயின் வாயைத்தான் பார்க்கிறேன்.

சரி, வடிகுழாய் ஏன் அடைக்கிறது? முதல் காரணம், குழாய்க்குள் இருக்கிற ஹீட்டர் வயர் எரிந்துபோவது, அல்லது அறையைக் கட்டியவர் செலவைப் பார்த்து அதைப் போடாமலே விட்டது. அறைக்குள் ஓடும் குழாய்த் துண்டும் −18இல்தான் இருக்கிறது. அதில் இறங்குகிற ஐஸ் தண்ணீர் வழியிலேயே உறைவதில் அதிசயம் இல்லை.

இரண்டாம் காரணத்தைத்தான் கனபேர் கவனிப்பதில்லை. வெளியே வந்த குழாயில் யூ வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். வாஷ் பேசினுக்குக் கீழே இருக்குமே, தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு, அதேதான். ஃபேன் ஓடும்போது கொயிலுக்கும் தட்டுக்கும் நடுவே காற்றழுத்தம் கொஞ்சம் குறையும். வளைவில் தண்ணீர் அடைத்து நிற்காவிட்டால் வெளிக்காற்று குழாய் வழியாக மேலே உறிஞ்சப்படும். திருகோணமலைக் கடல் காற்று, ஈரத்தோடு, நேரே −18க்குள். குழாயின் உட்சுவர் முழுக்கப் படியும். கொழுப்புப் படிந்து இரத்தக் குழாய் ஒடுங்குவது மாதிரி ஒடுங்கி, ஒரு நாள் மூடிக்கொள்ளும். அந்த வளைவை அறைக்கு வெளியேதான் வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் அதில் நிற்கிற தண்ணீரே உறைந்து நிரந்தர மூடியாகிவிடும். அப்படி வைத்த அறைகளும் பார்த்திருக்கிறேன்.

காற்று உறிஞ்சப்படுவதை நீங்களே பார்க்கலாம். கதவைத் திறந்து இரண்டு நிமிடம் சாமான் ஏற்றிவிட்டுச் சாத்துங்கள். சாத்தின உடனே திரும்பத் திறக்கப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்கும். உள்ளே போன 30 பாகை காற்று −18க்குக் குளிரும்போது ஆறில் ஒரு பங்கு சுருங்குகிறது, அந்த வெற்றிடம் கதவை இழுக்கிறது. கதவை இழுக்கிற அதே இழுவைதான் வடிகுழாய் வழியாகவும், பானல் மூட்டுகள் வழியாகவும், கேபிள் போட்ட ஓட்டை வழியாகவும் காற்றை இழுக்கிறது. சாத்தின உடனே கதவு லேசாகத் திறந்தால், அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வும் உங்கள் அறையில் இல்லையென்றால், சந்தோஷப்படாதீர்கள். எங்கோ ஒரு ஓட்டை இருக்கிறது.

இனி அந்தக் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடுவோம். 30 பாகையில், ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். −18இல் அதே அளவு காற்றால் தாங்க முடிந்தது ஒரு கிராம்தான். மீதி 22 கிராமும் எங்காவது படிந்தே ஆக வேண்டும். அறையிலேயே அதிகம் குளிர்ந்த இடம் கொயில், அது −25 அளவில் இருக்கும். எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். உங்கள் அறை 27 கன மீற்றர். அதன் காற்று முழுவதும் ஒருமுறை மாறினால் 600 கிராம் ஐஸ். ஒரு நாளைக்குப் பத்து முறை மாறினால் 6 கிலோ. உள்ளே வைக்கிற மீனின் ஈரம், கழுவின பெட்டிகளின் ஈரம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

காற்று மாற அதிக நேரமும் வேண்டாம். −18 காற்று வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கனமானது. கதவைத் திறந்த உடனே அது வாசல் அடியால் தண்ணீர் மாதிரி வழிந்து போகும், மேல்பாதியால் சூடான காற்று நுழையும். வாசலில் நிற்கும்போது காலில் புகை மாதிரி ஓடுகிறதே, அதுதான் நீங்கள் கரண்ட் பில் கட்டி வாங்கின குளிர். பிளாஸ்டிக் பட்டித் திரை தொங்கவிட்டால் இதில் பெரும்பகுதி நிற்கும். ஆனால் வாடியில் வேலை செய்கிற பிள்ளைகள் பெட்டி தூக்கும்போது முகத்தில் அடிக்கிறது என்று அதை முடிச்சுப் போட்டு ஓரத்தில் கட்டி வைத்துவிடுவார்கள். போகிற வாடியில் பாதியில் அந்த முடிச்சைத்தான் பார்க்கிறேன்.

மாரியில் மோசம் என்றீர்கள். உண்மைதான், ஆனால் காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. கச்சான் வீசுகிற ஓகஸ்ட் பகலில் 33 பாகை, ஈரப்பதம் 60 என்று வையுங்கள்: கன மீற்றருக்கு 21 கிராம். மார்கழி மழையில் 27 பாகை, 85 சதவீதம் என்று வையுங்கள்: 22 கிராம். பார்த்தீர்களா, கிட்டத்தட்ட ஒன்றே. கச்சான் காற்று தோலைக் காய வைக்கும், ஆனால் சூடு கூட என்பதால் அதற்குள் தண்ணீர் குறைவில்லை. மாரியில் கூடுவது காற்றின் ஈரம் அல்ல, நீங்கள் உள்ளே கொண்டுபோகும் ஈரம்: நனைந்த பெட்டி, நனைந்த சாக்கு, செருப்போடு வருகிற தண்ணீர், கழுவிவிட்டு ஈரத்தோடு விட்ட தரை. மழை நேரத்தில் பெட்டியை ஒருமுறை கவிழ்த்து வடியவிட்டு உள்ளே எடுங்கள்.

டிஃப்ரொஸ்ட் ஹீட்டரையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் அரைகுறையாக உருகின ஐஸும் கண்ணாடியாகத்தான் மாறும். 6 கிலோ பனியை −25இலிருந்து சூடாக்கி உருக்க ஏறத்தாழ 0.65 யூனிட் வெப்பம் போதும். ஒரு நாளைக்கு நாலு டிஃப்ரொஸ்ட், ஒவ்வொன்றும் இருபது முப்பது நிமிடம் என்றால் 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது பெரிய வேலையே அல்ல, உலோகத்தையும் சுற்றுக் காற்றையும் சூடாக்குவதில் வீணாகிற வெப்பத்தைச் சேர்த்தாலும்கூட. அதனால் உருகவில்லை என்றால் ஹீட்டர் முழுதாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் ஹீட்டர் ஒன்று 4.3 அம்பியர் எடுக்கும். இரண்டு இருந்தால் 8.7 காட்ட வேண்டும். 4.3 மட்டும் காட்டினால் ஒன்று செத்துவிட்டது.

டிஃப்ரொஸ்டைத் தொடக்கிவிடுகிற டைமரையும் மறந்துவிட வேண்டாம். பழைய பல்சக்கர டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கு வைத்த டிஃப்ரொஸ்ட், மீன் வந்து இறங்குகிற நேரத்தில், கதவு திறந்திருக்கும்போது ஓடிய அறைகள் எத்தனையோ. இப்போதும் கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் மாதம் ஒருமுறை டைமரின் மணியைச் சரிபார்ப்பது நல்லது.

கேஸ் குறைந்தால் ஐஸ் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை யாராவது சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கேஸ் குறைந்த கொயிலில் திரவம் நுழைகிற முதல் சில குழாய்களில் மட்டும் பனி தடிப்பாக இருக்கும், மீதி வெறுமையாக, சில வேளை ஈரமாக மட்டும் இருக்கும். கொயில் முழுவதும் ஒரே சீராக வெள்ளைப் போர்வை போர்த்தியிருந்தால் கேஸ் குறைவில்லை. வெளிக்காற்று அதிகமாக நுழைகிறது, அல்லது டிஃப்ரொஸ்ட் ஓடவே இல்லை. ஃபேன் வலையிலும் கூரையிலும் ஊசி ஊசியாகத் தொங்கினால், டிஃப்ரொஸ்ட் முடிந்த உடனே ஃபேன் சுற்றத் தொடங்கி, கொயிலில் நின்ற துளிகளை வீசியிருக்கிறது. கொம்பிரஸர் முதலில் ஓடி, துளிகள் கொயிலோடு உறைந்த பிறகுதான் ஃபேன் தொடங்க வேண்டும். கதவு நிலையைச் சுற்றி ஐஸ் என்றால் கதவு ரப்பர். இப்படி ஐஸ் தானே விலாசம் சொல்லும்.

இந்த வெள்ளைப் பனி ஏன் இவ்வளவு கெடுதல் என்று கேட்பீர்கள். ஐஸும் குளிர்தானே? குளிர்தான், ஆனால் பூப்பனிக்குள் பெரும்பகுதி அடைபட்ட காற்று. நீங்கள் மீன் அடுக்குகிற ரிஜிபோம் பெட்டியும் காற்றை அடைத்து வைத்துத்தான் சூட்டைத் தடுக்கிறது. கொயிலுக்கு நாமே ரிஜிபோம் சட்டை போட்டுவிட்ட மாதிரி. தகடுகளுக்கு நடுவே 6 மில்லிமீற்றர் இடைவெளி என்றால், இரண்டு பக்கமும் 2 மில்லிமீற்றர் படிந்தால் மிஞ்சுவது 2தான். காற்று குறையும், கொயில் இன்னும் குளிரும், இன்னும் வேகமாகப் படியும். அதனால்தான் முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியாமல் இருந்து, நாலாம் நாள் திடீரென்று அறை ஏறுகிறது.

இதுவரை சொன்னது வெளியே கட்டுகிற ஐஸ். குழாய்க்குள்ளேயும் கட்டும். திருத்த வேலையில் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுகிற வக்யூம் பம்பை வடிவாக ஓட்டாமல் கேஸ் ஏற்றினால் உள்ளே ஈரம் நின்றுவிடும். கேஸோடு சுற்றி, கொயிலுக்குள் திரவத்தை விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துவாரத்தில் குளிர் பட்டு உறையும். ஒரு துளியில் ஒரு பகுதி போதும் அடைக்க. அடைத்ததும் குளிர் நின்றுவிடும், சூடானதும் உருகும், மறுபடி ஓடும். காலையில் நல்லாக இருக்கும், மத்தியானம் நிற்கும், மெக்கானிக் வரும்போது ஓடும்! சோதிப்பதற்கு வெந்நீரில் நனைத்த துணியை வால்வில் சுற்றுங்கள். சில நிமிடத்தில் 'ஸ்ஸ்' என்று ஓடத் தொடங்கினால் உள்ளே தண்ணீர். ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரை மாற்றி, மறுபடி வக்யூம் இழுக்க வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

சின்ன ஈரம்தானே என்று அலட்சியம் செய்பவர்களுக்கு ஒரு விமானக் கதை சொல்வேன். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வந்த போயிங் 777 ஒன்றின் இரண்டு எஞ்சின்களும், இறங்குகிற கடைசி நேரத்தில் கேட்ட வேகத்தைக் கொடுக்கவில்லை. ஓடுபாதைக்கு முன்னால் புல்வெளியில் விழுந்தது. 152 பேரும் தப்பினார்கள். எரிபொருளில் எப்போதும் இருக்கிற அந்தக் கொஞ்சத் தண்ணீர், நீண்ட குளிர்ப் பயணத்தில் குழாய்களின் உட்புறம் மெல்ல மெல்ல ஒட்டியிருக்கிறது. வேகம் கேட்டு ஓட்டம் கூடினதும் எல்லாம் ஒன்றாகக் கழன்று, எரிபொருளைச் சூடாக்குகிற கருவியின் வாயிலேயே போய் அடைத்துக்கொண்டது. சோதித்தபோது −5க்கும் −20க்கும் இடையில்தான் ஐஸ் மிகவும் ஒட்டும் தன்மையோடு இருப்பது தெரிந்தது. நம்முடைய குளிர் அறைகள் நிற்கிற அதே எல்லை.

விமானம் என்றதும் இன்னொன்று. சீனக்குடாவில் விமானப்படைப் பயிற்சி விமானங்கள் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கார்புரேட்டர் வைத்த சின்ன விமானத்துக்கு நம் ஊர் வெயிலிலும் உள்ளே ஐஸ் கட்டலாம். பெற்றோல் ஆவியாகும்போதும் காற்று ஒடுங்கிப் போகும்போதும் வெப்பம் 20, 30 பாகைகூட இறங்கும். ஈரக் காற்று என்றால் வெளியே 25 பாகை இருக்கும்போதே துவாரத்தில் பனி பிடிக்கும். அதற்காகவே சூடான காற்றைத் திருப்பிவிடும் ஒரு கைப்பிடி விமானியிடம் இருக்கும். ஆகவே 'நம்ம ஊர் சூட்டுக்கு இவ்வளவு ஐஸா' என்று கேட்காதீர்கள். சூடும் ஈரமும் உள்ள ஊரில்தான் கூடக் கட்டும்.

இப்போது கட்டியிருக்கிற ஐஸை எப்படி எடுப்பது? கத்தி, ஸ்க்ரூ டிரைவர் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். அலுமினியத் தகடும் குழாயும் அந்த ஐஸுக்குள் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. வாடியில் உப்பு மலிவு என்று அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. உருகும், உண்மை, ஆனால் தகடு ஒரு மாரிக்குள் பொடியாக உதிரும். கடல் காற்றுக்கே தாங்காத அலுமினியம் அது. கொதிநீரும் வேண்டாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றையும் இறைக்கவும் வேண்டாம். சாதாரணக் கிணற்றுத் தண்ணீரே போதும். 28 பாகைத் தண்ணீர் 35 லீற்றர் ஏறத்தாழ 10 கிலோ ஐஸைக் கரைத்துவிடும். மெயின் சுவிட்சை நிறுத்தி, மீனை மாற்றி, தண்ணீர் மோட்டாரில் படாமல் ஊற்றுங்கள். முடிந்ததும் தரையையும் தட்டையும் துணியால் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் அந்த 35 லீற்றரில் பாதி அடுத்த நாள் கொயிலில் இருக்கும்.

வீட்டு பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. மரக்கறித் தட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் பின்சுவரின் வடிதுளை அடைத்திருக்கிறது, வெந்நீர் பீச்சினால் போதும். கத்தியால் குத்தினால் கதை வேறு: இப்போது வருகிற பிரிட்ஜ்களில் பலவற்றில் ஆர் 600ஏ, அது தீப்பிடிக்கும் வாயு.

நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இது தம்பி. முழுவதும் கரைத்துவிட்டு, தட்டில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, வெளியே ஒருவரை வாளியோடு நிற்கவிட்டு, எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். வெளியே யூ வளைவு இல்லாவிட்டால் போடுங்கள், குழாய் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று மீட்டர் வையுங்கள், உள்ளே ஓடும் குழாய் நன்றாகச் சரிவாக இருக்கட்டும். இதெல்லாம் செய்து ஆறாம் நாள் மறுபடி ஐஸ் வந்தால், அந்த ஐஸ் கீழிருந்து மேலே ஏறுகிறதா, மேலிருந்து கீழே இறங்குகிறதா என்று கூலரின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள். மெக்கானிக்கிடம் சொல்லுவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள்.